பொட்டு வைத்த தோட்டா

இருநூறு தோட்டாக்களை நிரப்பிய ஒருவரிடம், இருநூற்றொரு தோட்டாக்களுக்கான வெடிமருந்து எப்படிச் செலவாகியிருக்கும்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டபோது, எடை பார்த்ததில் தப்பு நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எடை பார்த்தவர் வெள்ளியங்கிரி. அவரைத் தெரிந்த யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். ஆகவே முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளியங்கிரிக்குச் சொந்த ஊர் அன்னூர். கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனி ஒன்றில் வேலை பழகி, பிறகு எண்ணெய்க் குழாய்களுக்கான வால்வுகளைச் சோதிக்கும் எஞ்சினியராக ஹூஸ்டனுக்கு வந்து, மேற்கே கேட்டி என்ற புறநகரில் வீடு வாங்கிக் குடியேறியவர். தெருக்கோடியில் நெல் வயல் இன்னும் மிச்சம் இருந்த காலம் அது. ஒரு வால்வு தாங்க வேண்டிய அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு குறைந்தாலும் "போகாதுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். மேலதிகாரி வந்து கெஞ்சினாலும் அதே பதில்தான். ஆபீசில் அவரை 'போகாதுங்க' என்றே தமிழ்க்காரர்கள் கூப்பிட்டார்கள்.

2002-இல் கூட வேலை பார்த்த ஒருவர் அவரைப் பிஸ்டல் கிளப்புக்கு அழைத்துப் போனார். வேடிக்கை பார்க்கத்தான் போனார். அங்கே ஓர் எழுபது வயதுக்காரர் ஒற்றைக் கையை நீட்டி, மூச்சை அடக்கி, ஐம்பது கஜத்துக்கு அப்பால் இருந்த கறுப்பு வட்டத்தில் ஒரு குண்டு சுட்டுவிட்டு, ஒரு நிமிஷம் சும்மா நின்று, அடுத்ததைச் சுட்டார். அந்தச் சும்மா நிற்பது வெள்ளியங்கிரிக்குப் பிடித்துப்போயிற்று. மனிதன் இப்படிக்கூட விளையாடுவானா என்று இருந்தது. ஆறே மாதத்தில் அவரும் ஒரு பிஸ்டல் வாங்கிவிட்டார்.

கடையில் வாங்கிய தோட்டா அவருக்குச் சரிப்படவில்லை. ஒன்று வட்டத்தின் நடுவில் போய்த் தைத்தால் அடுத்தது விளிம்பில் போய்த் தைத்தது. "இது வால்வா இருந்தா நான் பாஸ் பண்ணுவனா?" என்றார். தானே நிரப்புவது என்று முடிவு செய்தார். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கழுவி, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப் பொருத்தி, மருந்து போட்டு, ஈயக் குண்டை உட்கார வைத்து, வாயை இறுக்கினால் ஒரு தோட்டா. சொல்லும்போது சுலபம். அவருடைய பிஸ்டலுக்குப் பிடித்த தோட்டா எது என்று கண்டுபிடிக்க இரண்டு குளிர்காலம் ஆயிற்று. புத்தகத்தில் சொன்ன குறைந்த அளவில் ஆரம்பித்து, மயிரிழை மயிரிழையாக மருந்தைக் கூட்டி, ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்து நிரப்பி, பிஸ்டலைத் தாங்கியில் இறுக்கிச் சுட்டுப் பார்த்தார். குண்டு உட்காரும் ஆழத்தை மாற்றினார். வேறு கடைக் குண்டை மாற்றினார். எல்லாவற்றையும் மகள் ஓவியாவின் பழைய பள்ளிக்கூட நோட்டில் தமிழில் எழுதி வைத்தார். கடைசியில் ஒரு பிப்ரவரி மாதம், பத்து ஓட்டைகளும் ஓர் எலுமிச்சம்பழத்தால் மூடிவிடக்கூடிய அளவுக்கு நெருக்கமாக விழுந்தன. அன்றைக்கு நோட்டில் அவர் எழுதியது ஒரே வார்த்தை: 'போகும்.'

தோட்டா நிரப்பும் அவர் மெஷின் கையால் இயக்குவது. கராஜில், கார் நிற்காத பக்கத்தில், கனமான மேஜையில் முடுக்கியிருந்தது. அதைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். வட்டத் தட்டில் நான்கு கூடுகள் நிற்கும். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் நான்குக்கும் நான்கு வேலை நடக்கும். அதில் இரண்டாவது இடத்தில் நிற்கும் கூட்டுக்குள் மருந்து இறங்கும். இழுத்த பிறகு தட்டைக் கையால் ஓரிடம் நகர்த்த வேண்டும். நகர்த்தாமல் மறுபடி இழுத்தால், மருந்து விழுந்த கூட்டிலேயே மறுபடி மருந்து விழும். கூடு பெரிது, மருந்து ஒரு சிட்டிகை. இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாது. மேலே குண்டு உட்கார்ந்துவிட்டால் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. தராசில் வைத்தாலும் தெரியாது. கூட்டுக்குக் கூடு எடை அதைவிட அதிகமாக மாறும். அது மற்றவற்றோடு பெட்டியில் ஒன்றாகப் படுத்திருக்கும். சுடுகிற அன்றைக்குத்தான் தெரியும், சுடுகிறவன் கையில்.

அதனால் அவரிடம் இரண்டு கட்டளைகள் இருந்தன. ஒன்று, குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு, நடுவில் எதற்காகவாவது எழுந்து போனால், தட்டில் நிற்கும் நான்கையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன் வந்தால் எடுக்க மாட்டார். "வீடு தீப்பிடிச்சா மட்டும் கூப்புடு" என்று மனைவி நாகமணியிடம் சொல்லியிருந்தார்.

அவரோடு சுடுகிறவர் ஹாமித். ராயப்பேட்டைக்காரர், கேட்டியில் பெயர்ப்பலகை அச்சிடும் கடை வைத்திருந்தார். வெள்ளியங்கிரியைப் பார்த்து அதே பிஸ்டலை வாங்கினாரே தவிர, மெஷின் வாங்கவில்லை. "எனக்கெதுக்குபா மெஷினு? நீ சமைக்கிற, நான் துன்றேன்" என்பார். அவருக்கும் சேர்த்து வெள்ளியங்கிரியே நிரப்பினார். அடுத்தவன் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே என்று கிளப்பில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஹாமித் அதைக் காட்டி, "இவன் அடுத்தவன் இல்லபா" என்று சொல்லிச் சிரிப்பார்.

2007 அக்டோபர். நவம்பரில் மாநிலப் போட்டி. அதற்கு முன் பயிற்சிக்கே ஆளுக்கு நூறு தோட்டா வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வெள்ளியங்கிரி மெஷினில் உட்கார்ந்துவிட்டார். அன்று ஆயுத பூஜை.

எட்டரை மணிக்கு நாகமணி கராஜ் கதவைத் திறந்தாள். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி.

"ஏனுங்க, ஒம்பதுக்கு ராகு காலம். எந்திரிங்க."

"வீடு தீப்பிடிச்சிருச்சா?"

"வாயில நல்ல வார்த்தை வருதா பாரு! காருக்குப் பொட்டு வெச்சாச்சு, லேப்டாப்புக்கு வெச்சாச்சு, என்ற மிக்சிக்கு வெச்சாச்சு. உங்க மெஷினு மட்டும் மூளியா நிக்கணுமா?"

"வெய்யி. ஆனா சூடம், சாம்பிராணி, வெளக்கு எதுவும் இதுக்குள்ள கொண்டாந்துறாத தாயே. மருந்து இருக்குது."

அப்போதுதான் கைப்பிடியை இழுத்து மேலே விட்டிருந்தார். தட்டை நகர்த்தவில்லை. பூஜை முடிந்து வந்து நான்கையும் கொட்டிவிடலாம் என்று எழுந்து போனார். ஆனால் பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. கார் சாவி முதல் ஓவியாவின் கணக்குப் புத்தகம் வரை எல்லாம் ஓய்வு. வந்தவர்களோடு பொரியும் சுண்டலும் சாப்பிட்டு அந்த நாள் போயிற்று. மெஷின் பாதி வேலையை வாயில் வைத்துக்கொண்டு, பொட்டும் பூவுமாக, இருட்டுக் கராஜில் தனியாக நின்றது.

மறுநாள் விஜயதசமி. விடியும் நேரத்துத் தூக்கத்தில் வெள்ளியங்கிரிக்கு ஒரு சத்தம் கேட்டது. 'ட்ரக்' என்று ஒரே ஒரு சத்தம். ஆயிரக்கணக்கான தடவை தன் கையாலேயே எழுப்பிய சத்தம். கனவில்கூட நிரப்புகிறோமே என்று புரண்டு படுத்துக்கொண்டார்.

குளித்துவிட்டுக் கராஜுக்குப் போனபோது எல்லாம் விட்டது விட்டபடி இருந்தது. கைப்பிடி மேலே. சாமந்தி வாடிப்போய், மூடிய அறையில் அதன் வாசம் கனத்துக் கிடந்தது. கைப்பிடியில் பொட்டு. மருந்துக் குழலில் பொட்டு. தட்டில், இரண்டாவது இடத்தில் வாயைத் திறந்து நின்ற கூட்டின் வயிற்றிலும் குட்டியாக ஒரு பொட்டு. அதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். இவ்வளவு சின்னப் பொருளுக்குக்கூட வைத்திருக்கிறாளே!

கட்டளைப்படி நான்கையும் கொட்ட வேண்டும். கையை நீட்டியவர் நிறுத்திக்கொண்டார். தொடங்குவதற்கென்றே இருக்கிற நாள் விஜயதசமி. சாமி முன்னால் பொட்டு வைத்ததை, அந்த நாளின் முதல் வேலையாகக் குப்பையில் கொட்டுவதா? ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் கட்டளையை மீறினார். தட்டை நகர்த்தினார். எட்டிப் பார்க்கக் குனிந்தார்.

"அப்பா, ஹாமித் அங்கிள் இஸ் ஹியர்!" என்று ஓவியா உள்ளேயிருந்து கத்தினாள்.

"வரச் சொல்லு சாமி!" என்று திரும்பிச் சொன்னார். மறுபடி மெஷினைப் பார்த்தபோது, பொட்டு வைத்த கூட்டின் மேல் குண்டு உட்கார்ந்திருந்தது. வைத்தது அவர் கைதான். இழுத்தார்.

ஹாமித் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெள்ளியங்கிரி மிச்சத்தை முடிக்கும் வரை பேச்சுக் கொடுக்காமல் பொரி தின்றார். நடுவில் குறுக்கிடக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். முடிந்ததும் ஆளுக்கு நூறாகப் பெட்டியில் அடுக்கினார்கள். பொட்டு வைத்ததைத் தேடி எடுத்து ஹாமித்தின் பெட்டியில் முதல் குழியில் வைத்தார் வெள்ளியங்கிரி.

"ஏனுங் பாய், இது சாமி பொட்டு வெச்சது. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"குடு குடு. காலைல தொழுதுட்டுதான் வந்தேன். ரெண்டு பக்கமும் இன்சூரன்ஸ்."

பயிற்சிக்கு நேராகக் கிளப்புக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். நாகமணி ஓவியாவை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வீட்டில் வெள்ளியங்கிரி மட்டும். மணி பன்னிரண்டு.

வேலை முடிந்ததும் மிச்ச மருந்தை எடை பார்ப்பது அவர் வழக்கம். தொடங்கும்போது இருந்த எடையில் இருநூறு பங்கு போக மிச்சம் இருக்க வேண்டும். தராசில் வைத்தார். ஒரு பங்கு குறைந்தது. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே ஒரு பங்கு. சோதனை எடையை வைத்துப் பார்த்தார், தராசு சரி. மேஜையைப் பெருக்கினார், தரையைப் பெருக்கினார். நான்கு சாமந்தி இதழ்கள் கிடைத்தன. ஒரு துளி மருந்து கிடைக்கவில்லை.

கராஜ் அமைதியாக இருந்தது. தெருவில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்த சத்தமும் நின்றுவிட்டது. அவர் மெஷினைப் பார்த்தார். கைப்பிடியில் இருந்த பொட்டு அவரைப் பார்த்தது. விடியற்காலையில் கேட்ட 'ட்ரக்' அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கனவு இல்லை. வெளிக்கதவு பூட்டு போட்டது போட்டபடிதான் இருந்தது. ஆனால் இந்தக் கைப்பிடி ஒரு தடவை கீழே போய் மேலே வந்திருக்கிறது. அப்போது மருந்துக்குக் கீழே நின்ற கூடு எது? அவர் கண் முன்னால் சின்னதாக, சிவப்பாக, அந்தப் பொட்டு வந்து நின்றது. அதற்குள் எட்டிப் பார்த்தோமா என்று யோசித்தார். குனிந்தது ஞாபகம் இருந்தது. குண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருந்தது. நடுவில் இருந்த ஒரு நொடி மட்டும், யாரோ கத்தரித்து எடுத்தமாதிரி, இல்லவே இல்லை.

ஹாமித்துக்குப் போன் அடித்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. காதில் மூடி மாட்டியிருப்பார். நாகமணிக்கு அடித்தார். கோயிலில் அணைத்து வைத்திருந்தாள். செருப்பு மாட்டாமல் காரை எடுத்தார்.

ஃப்ரீவேயை அப்போது அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சாலை இல்லாத வெறும் தூண்கள், எதையும் தாங்காமல், வரிசையாக வானத்தைப் பார்த்து நின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓர் ஆளும் இல்லை. மின்கம்பிகளில் கறுப்புப் பறவைகள் நெருக்கி உட்கார்ந்திருந்தன. என்றைக்கும் காதைக் கிழிக்கிறவை அன்று ஒன்றுகூடக் கத்தவில்லை. முதல் குழியில் வைத்தோமே, முதல் குழியில் வைத்தோமே என்று அவர் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கிளப்பின் மண் ரோட்டில் திரும்பும்போது ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அவருக்கு உயிர் வந்தது. ஹாமித் சுடுகிறார், அப்படியென்றால் கை இருக்கிறது, கண் இருக்கிறது. காரை நிறுத்தி இறங்கும்போது இன்னொன்று. ஓடினார். நடுவில் நிசப்தம். ஒவ்வொரு நிசப்தத்திலும் நெஞ்சு நின்றது. ஒவ்வொரு வெடியிலும் மறுபடி அடித்தது. அந்தச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினார். அந்த வேண்டுதலை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

கூரைக்குக் கீழே ஹாமித் மட்டும் நின்று சுட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்து பாய்! கீழ வெய்யி! வெய்யின்னா வெய்யி!"

'ங்க' போடாமல் வெள்ளியங்கிரி தன்னிடம் பேசி ஹாமித் கேட்டதே இல்லை. பிஸ்டலை மேஜையில் வைத்துவிட்டுக் காது மூடியைக் கழற்றினார்.

"இன்னாபா, செருப்புகூட இல்லாம? வூட்ல யாருக்கு இன்னா ஆச்சு?"

"பொட்டு வெச்சது எங்க?"

"இன்னாது?"

"பொட்டு வெச்ச தோட்டா! அதுக்குள்ள மருந்து ரெண்டு தடவை விழுந்திருக்குது."

ஹாமித் பெட்டியைப் பார்த்தார். முதல் குழி காலி. நாற்பது குழிகள் காலியாக இருந்தன.

"அதத்தான் மொதல்லயே போட்டுட்டனேபா" என்றார் மெதுவாக. "சாமி குண்டாச்சேன்னு போணி பண்ணேன். செம ஒத ஒதச்சுது. மணிக்கட்டு இன்னும் வலிக்குது. நீதான் மருந்த மாத்தி இன்னாவோ பண்ணிட்டன்னு நெனச்சேன்."

இருவரும் குனிந்து தரையில் கிடந்த கூடுகளைப் பொறுக்கினார்கள். முப்பத்தொன்பது ஒரே மாதிரி இருந்தன. ஒன்று மட்டும் அடிப்பக்கம் கர்ப்பிணிபோல உப்பியிருந்தது. அதன் வயிற்றில் பொட்டு, கரியோடு கலந்து, காய்ந்த ரத்த நிறத்தில் இருந்தது.

வெள்ளியங்கிரி வரும் முன்பே எல்லாம் முடிந்துபோயிருந்தது. எதைத் தடுக்க ஓடி வந்தாரோ அது ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. அல்லா காப்பாத்தினார் என்று ஹாமித் சிரிக்கப் பார்த்தார். வெள்ளியங்கிரி சிரிக்கவில்லை. பிஸ்டலை வாங்கி, காலியாக்கி, பிரித்து, குழாயைக் கைக்குட்டையால் துடைத்து வெயிலில் பிடித்தார். தோட்டா உட்காரும் இடத்துக்கு அடியில், முடியை ஒட்டவைத்ததுபோல, ஒரு விரிசல் ஓடியது. வால்வுகளில் அந்தக் கோட்டை அவர் நூறு தடவை பார்த்திருக்கிறார். அழுத்தம் படப்பட அது வளரும். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும்.

முதல் வெடிக்குப் பிறகு முப்பத்தொன்பது தடவை ஹாமித் அதைக் கையில் பிடித்து, முகத்துக்கு நேராக நீட்டிச் சுட்டிருக்கிறார். இன்னும் கேட்க வேண்டும், இன்னும் கேட்க வேண்டும் என்று வெள்ளியங்கிரி வேண்டிக்கொண்டு ஓடிவந்த வெடிகள் எல்லாம் அந்த விரிசலுக்குள்ளிருந்து வந்தவை.

ஹாமித் பெஞ்சில் உட்கார்ந்தார். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு, "போகாதுங்க, இல்ல?" என்று கேட்டார்.

"போகாதுங் பாய்" என்றார் வெள்ளியங்கிரி.

சாயங்காலம் உப்பிய கூட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கோயிலிலிருந்து வந்த நாகமணி பூக்கூடையை இறக்கியபடி அதைப் பார்த்தாள்.

"இது நான் பொட்டு வெச்சதுங்களே. ஏன் இப்புடி ஊதிப்போச்சு?"

"நாகு, காலைல மெஷினைத் தொட்டயா?"

"தொடாமப் பின்ன? விஜயதசமிக்குப் பூஜைல வெச்சத எல்லாம் ஒருக்கா எடுத்து வேலை செய்யோணுமில்லங்க. கார ஸ்டார்ட் பண்ணேன், மிக்சிய ஒரு சுத்து ஓட்டுனேன், ஓவியாளோட கீபோர்ட்ல ஒரு தட்டுத் தட்டுனேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க, நல்ல நேரம் போகுதுன்னு உங்க மெஷின ஒரே ஒரு இழுவை இழுத்து விட்டேன்." அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "ஏனுங்க? என்னாச்சு?"

சொன்னார். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் குங்குமம் இன்னும் இருந்தது. குழாயடிக்குப் போய்க் கழுவினாள், மறுபடி சோப்பு போட்டுக் கழுவினாள். வெள்ளியங்கிரி எழுந்து போய்த் தண்ணீரை நிறுத்தினார்.

"உன்ற கை பண்ணலை புள்ள. வழக்கத்த நீ சரியாத்தான் செஞ்ச. என்ற வழக்கத்த நான்தான் செய்யலை."

அந்த வாரம் மிச்சமிருந்த நூற்றறுபதையும் பிரித்துக் கொட்டினார்கள். எல்லாவற்றிலும் ஒரு பங்கு மருந்துதான் இருந்தது. அந்த வருஷப் போட்டிக்கு இருவரும் போகவில்லை. ஹாமித் பிஸ்டலுக்குப் புதுக் குழாய் வாங்கினார்; அதற்கு எந்தத் தோட்டா பிடிக்கும் என்று வெள்ளியங்கிரி மறுபடி கீழ் அளவிலிருந்து ஆரம்பித்து ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடினார். இனிமேல் நீங்களே நிரப்புங்கள் என்று எவ்வளவோ சொல்லியும் ஹாமித் கேட்கவில்லை. "இதுக்கப்புறம் நீ எவ்ளோ கரெக்டா பண்ணுவன்னு எனக்குத் தெரியும்பா" என்றுவிட்டார். 2009 போட்டியில் இருவரும் அடுத்தடுத்து நின்று சுட்டார்கள். வெள்ளியங்கிரி ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் முன்பைவிட அதிக நேரம் சும்மா நின்றார். தன் பலகையைப் பார்க்காமல் பக்கத்து வெடிக்குக் காது கொடுத்திருந்தார் என்று ஹாமித் பிறகு சொன்னார்.

உப்பிய கூடு இப்போது அவர்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாளே வெள்ளியங்கிரி தட்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டி மூடி, மெஷினை வெறுமையாக்கி நிறுத்துகிறார். பிறகுதான் நாகமணி பொட்டு வைக்கிறாள். மறுநாள் காலையில் அவளே இழுக்கிறாள். 'ட்ரக்' என்று சத்தம் வருகிறது. உள்ளே எதுவும் இல்லை என்று தெரிந்தும், அந்தச் சத்தத்துக்கு அவர் ஒவ்வொரு வருஷமும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்காது. ஆனால் உங்களுக்குத் தெரிந்தவர்கள் வேலை செய்யும் இடத்தில் லேத்தோ, மில்லோ, பிரஸ்ஸோ, மருந்துக் கடைத் தராசோ இருக்கலாம். அங்கேயும் ஆயுத பூஜை வரும். பாதியில் நிற்கிற வேலைமேல் பொட்டு வைக்க வேண்டாம், முதலில் காலி செய்துவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். வெறுமனே சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துபோவார்கள். அதனால் அந்த இருநூற்றொன்றாவது பங்கைப் பற்றி முதலில் கேளுங்கள். பிறகு இந்தக் கதையை முழுவதும் சொல்லுங்கள்.